கோட்டின் நிறம்

பார்வையற்றோருக்குப் படம் சொல்வது என் வேலை.
ஒரு வசனம் முடிந்து அடுத்தது தொடங்குமுன்
கிடைக்கிற சந்தில் நுழைந்து
கதவு திறக்கிறது, மழை விட்டிருக்கிறது, மேசையில் கத்தி
என்று சொல்லிவிட்டு
யார் காலையும் மிதிக்காமல் வெளியே வந்துவிட வேண்டும்.
தார்த்து நகரில், ஆற்றை ஒட்டிய திரையரங்கின் பின்புறம்,
துணி அலமாரி அளவுள்ள ஓர் அறையில்
பதினோரு வருடமாக இப்படித்தான்
நுழைந்து வெளியே வருகிறேன்.

போன நவம்பரில் ஒரு படம் வந்தது.
ஒரே இரவு, இரண்டு முறை.
முதலில் கணவன் சொல்கிறான், பிறகு மனைவி.
படகுத்துறை, உறைபனி, கடைசிப் படகின் ஊதல்.
அவன் சொல்லும் இரவில்
அவள் அவன் கையை இறுகப் பற்றுகிறாள்.
அவள் சொல்லும் இரவில்
அதே கையைத் தன்மேலிருந்து பிரித்து எடுக்கிறாள்.
விரல்கள் அவைதான். விளக்கும் அதே மஞ்சள்.
கேமரா ஒரு முழம் தள்ளி நிற்கிறது,
அவ்வளவுதான்.

எனக்குக் கிடைத்தது மூன்று நொடி.
பற்றுகிறாள் என்றால் அவன் கட்சி.
பிரிக்கிறாள் என்றால் அவள் கட்சி.
'கைகள்' என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன்,
மீன்கடையில் எடை போட்டதுபோல் இருந்தது.
போதாக்குறைக்கு எங்கள் எஸ்தோனிய மொழியில்
அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்.
வழுக்கியது யார், அழுதது யார் என்று
பெயர் சொல்லித்தான் பிரிக்க வேண்டும்.
பெயருக்கு ஒரு நொடி செலவு.

ஒன்பதாம் தடவை ஓட்டும்போது கண்ணில் பட்டது:
அவன் இரவில் அவள் கோட்டு பச்சை.
அவள் இரவில் சாம்பல்.

முதல் காட்சி முடிந்து வந்தவர்களை
வாசலில் மறித்துக் கேட்டேன்.
ஒருத்தி, கோட்டே போடவில்லையே என்றாள்.
ஒருவன் சிவப்பு என்று சத்தியம் செய்தான்.
நல்ல கண்கள் நழுவவிட்டதை
நான் எடுத்து இன்னொருவர் காதில் போடலாமா?
போடாவிட்டால் அது திருட்டா?

இயக்குநர் கைரித்துக்குப் போன் செய்தேன்.
சிரித்தாள்.
"பச்சைக் கோட்டின் ஜிப் ஆறாம் நாள் பிய்ந்துபோச்சு.
கிடைத்ததை வாங்கி மாட்டினோம்."
பிறகு கொஞ்சம் மௌனம்.
"யாரிடமும் சொல்லிவிடாதே."

பிய்ந்த ஜிப் வழியாக
ஒரு தத்துவம் உள்ளே வந்திருக்கிறது.
அல்லது வெறும் குளிர்.

நிறத்தைச் சொல்லவில்லை.
கைகளுக்கு 'விரல்கள்மேல் விரல்கள்' என்று
பதிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஹெல்தூர் பேருந்து நிறுவனத்தில் புகார் கேட்பவர்.
ஓட்டுநர் ஒன்று சொல்வார், பயணி ஒன்று சொல்வார்,
இரண்டையும் ஒரே நாளில் ஒரே காதில் வாங்குகிறவர்.
பிறவியிலேயே பார்வை இல்லை.
நாலாவது வரிசையில், காதில் என் குரலோடு உட்கார்ந்திருந்தார்.
படம் முடிந்ததும் கோட்டு மாட்டும் இடத்தில்
என்னைக் குரலால் கண்டுபிடித்தார்.

"அந்தப் பெண்ணுக்கு இரண்டு கோட்டு.
நீங்கள் சொல்லவில்லை."
எனக்கு வாய் உலர்ந்தது.
"முதல் இரவில் அவள் திரும்பினால் சரசரக்கிறது, நைலான்.
இரண்டாவதில் சத்தமே இல்லை, கம்பளி.
காற்று இரண்டிலும் அதே காற்று.
ஆக, ஒருவருக்கு அவள் குளிர்ந்தது தெரியவில்லை."
யாருக்கு என்று கேட்டேன்.
"அதற்கு நான் இன்னொரு டிக்கெட் வாங்க வேண்டும்"
என்று தொப்பியை மாட்டிக்கொண்டார்.

ஜிப் கதையை நான் சொல்லவில்லை.
வாக்குக் கொடுத்திருந்தேன் என்பது ஒரு காரணம்.

இரவு அறைக்குத் திரும்பி, விளக்கை அணைத்து,
கண்ணையும் மூடிக்கொண்டு ஓடவிட்டேன்.
முதல் இரவு: சரசரப்பு, ஆமாம்.
இரண்டாம் இரவு: மூச்சடக்கிக் கேட்டேன்.
அங்கேயும் சரசரத்தது.
பின்னோக்கி ஓட்டினேன்.
மறுபடியும் சரசரப்பு.

கையை நீட்டி நிறுத்தும்போதுதான் உறைத்தது,
நான் இன்னும் என் கோட்டைக் கழற்றவில்லை.